தொட்டிலில் ஏறிய குங்குமச் சாயம்

ஐப்பசி 12, புதன்

இரவெல்லாம் மழை. காலையில் விட்ட மாதிரி விட்டு மறுபடி பிடித்துக்கொண்டது. மரச்சாமான் பட்டறைக்குப் போகிற வழியில் முழங்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். ஷட்டரைத் தூக்கினால் தரை முழுக்கச் சிவப்பு. ஒரு நொடி ரத்தம் என்றே நினைத்துவிட்டேன்.

பக்கத்துச் சாயப்பட்டறையின் குங்குமக் கலர். பட்டு நூலுக்குக் காய்ச்சி வாசலில் ஆற வைத்திருந்த அண்டா, தண்ணீர் வேகத்தில் சாய்ந்திருக்கிறது. சாயம் மழையோடு கலந்து ஷட்டர் இடுக்கு வழியாக நம் பக்கம் வந்துவிட்டது.

நனைந்தவை: என் முக்காலி. தட்டுகிற மரக் கொட்டாப்புளி. மளிகைக்கடைக்காரரின் கல்லாப்பெட்டி (பாலிஷ் போட்டு முடித்தது, துடைத்ததும் சாயம் போய்விட்டது). ருக்மிணி டீச்சர் வீட்டுத் தொட்டில்.

தொட்டில்தான் மோசம். நல்ல தேக்கு. பழைய பாலிஷை எல்லாம் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெறும் மரமாகச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். பாலிஷ் இருந்திருந்தால் வழிந்து போயிருக்கும். வெறும் மரம் குடித்துவிட்டது. இரண்டு பக்கப் பலகையிலும் ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. கீழ் விளிம்பில் செதுக்கியிருக்கும் கிளிகள் எல்லாம் இப்போது சிவப்புக் கிளிகள்.

வெளிநாட்டிலிருந்து டீச்சரின் பெண் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். அடுத்த வெள்ளி தொட்டில் போடுகிறார்கள்.

சாயப்பட்டறை வெங்கடேசு ஓடி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். "தேவுடா! கயிறு போட்டுக் கட்டித்தான் வெச்சிருந்தேன்கா. அந்துக்கினு போயிட்டுது." அவனுக்கும் ஒரு கட்டு நூல் பாழ். அவனை என்ன சொல்ல. தண்ணீரை இரண்டு பேருமாகத் தள்ளினோம்.

மதியம் சாப்பிடவில்லை. பசியும் இல்லை.


ஐப்பசி 13, வியாழன்

தூறல்.

செய்து பார்த்தவை. சோப்புத் தண்ணீர்: அசையவில்லை. ஸ்பிரிட்: பஞ்சில் கொஞ்சம் ஏறியது, மரத்தில் நிறையப் பரவியது, உடனே நிறுத்தினேன். ப்ளீச்சிங்: அடிப்பக்கம் தெரியாத மூலையில் தொட்டுப் பார்த்தேன், சிவப்பு போய் ஆரஞ்சு வந்தது. உப்புத்தாள்: சாயம் ஆழத்தில் இருக்கிறது. அது போகிற வரை தேய்த்தால் கிளிகளும் போய்விடும்.

வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தபடியே யோசனை சொன்னார். "புதுசா ரெண்டு பலகை அறுத்துப் போட்டுடேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"கிளிக்கு எங்க போவேன்?"

அவர் பாவு நூலைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் டீச்சர் போன். தொட்டில் எப்போது வரும் என்றார். வேலை நடக்கிறது என்றேன். பொய் இல்லைதான்.

இந்தப் பட்டறையை என் தாய்மாமா நடத்திய காலத்தில் கறை என்றால் நான் நிமிர்ந்தே பார்க்க மாட்டேன். அது நூருவின் பக்கம். நூர்ஜஹான். அவளும் நானும் பாவாடை தாவணியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் பாலிஷ், அவள் கறை. மேஜையில் காபி டம்ளர் வட்டம், பீரோவில் பேனா மை, ஆணி துருப்பிடித்துக் கறுத்த கட்டில் கால், எது வந்தாலும் மாமா, "நூரு, உன் ஆளு வந்திருக்கான் பாரு" என்பார். அவள் முதலில் முகர்ந்து பார்ப்பாள். பிறகுதான் தொடுவாள்.

மாமாவின் ரேடியோ எங்கே போயிற்று? திடீரென்று ஞாபகம் வந்தது. பரண் முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. எதற்குத் தேடினேன் என்றும் தெரியவில்லை.


ஐப்பசி 14, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது.

டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஆட்டோவில், கையில் மடக்காத குடை. "போன்ல உன் குரலே சரியில்லையே. அதான் வந்துட்டேன்." எட்டாம் வகுப்பில் நான் வீட்டுப்பாடம் எழுதாததை, 'உள்ளேன் டீச்சர்' சொல்லும் குரலிலேயே கண்டுபிடிப்பார்.

மூடியிருந்த துணியை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கிளிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

"எங்கம்மா கல்யாணத்தப்போ பொறந்தாத்துலேர்ந்து கொண்டுவந்தது. நான் படுத்துண்டிருக்கேன். என் தம்பி, தங்கை. அப்புறம் என் பொண்ணு."

"திட்டிடுங்க டீச்சர்."

"திட்டினா சாயம் போயிடுமா?" முக்காலியில் உட்கார்ந்தார். அதுவும் சிவப்புதான், காய்ந்துவிட்டது. "ஆமாம், உன்னோட இன்னொருத்தி இருப்பாளே. குட்டையா, மூக்குத்தி போட்டுண்டு. கறைன்னா அவதான்னு உங்க மாமா சொல்லிண்டே இருப்பாரே. அவ எங்க?"

"நூர்ஜஹான். கல்யாணமாகி, அப்புறம் வாலாஜாபேட்டை போயிட்டா டீச்சர்."

"வாலாஜா என்ன சீமையா? இங்க இருக்கற வாலாஜா."

அவர் போனதும் பட்டறையைப் பூட்டிவிட்டு ஓரிக்கை போனேன். அங்கே நூருவின் தம்பி வெல்டிங் கடை வைத்திருக்கிறான். என்னிடம் இருந்த நம்பர் எப்போதோ செத்துவிட்டது. அவன் புது நம்பர் கொடுத்தான். கொடுத்துவிட்டு, "மச்சான் மவுத்தாயி ரெண்டு வருசம் ஆவுதுக்கா. உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

தெரியாது. அவள் புருஷன் இறந்துபோனதை யாரும் சொல்லவில்லை. அவள் கல்யாணத்துக்கு நானும் மாமாவும் போய் வந்தோம். அது புரட்டாசி என்பதால், என் தட்டில் பிரியாணிக்குப் பதில் தனியாகச் செய்த தக்காளிச் சாதம் இருக்கிறதா என்று இரண்டு முறை வந்து பார்த்த மனிதர்.

கடை வாசலில் நின்றே போன் போட்டேன். துக்கம் விசாரிக்க வாயில் வார்த்தைகளைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். அவள் என் குரலைக் கேட்டதும் சிரித்தாள்.

"செல்வியா? இன்னாடி, உயிரோட இருக்கியா?"

விசாரிக்கவே விடவில்லை. அதெல்லாம் நேரில் பேசலாம், விஷயத்தைச் சொல் என்றாள். சொன்னேன்.

"எந்த மரம்?"

"தேக்கு."

"மேல பாலிஷ்?"

"சொரண்டிட்டேன்."

"அட கஷ்டமே. ப்ளீச்சிங் போட்டியா?"

"மூலையில கொஞ்சம்."

"போட்டிருப்பே. நீ சும்மா இருப்பியா? இனிமே கைய வெக்காத. நாளைக்கி வர்றேன்."

வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. கண் எரிந்தது அதனால்தான் என்று தம்பியிடம் சொன்னேன்.


ஐப்பசி 15, சனி

நூரு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் நான் அவளைத் தேடிக்கொண்டிருக்க, அவள் பின்னால் வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. மூக்குத்தி அதே மூக்குத்தி.

பட்டறைக்குள் வந்ததும் சுற்றிப் பார்த்தாள். அவள் இடம் ஜன்னல் பக்கம். அங்கே இப்போது பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். பிறகு பர்தாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தொட்டிலின் பலகையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். முகரவில்லை. அதை அப்போது கவனித்தேன், கேட்கவில்லை.

வெங்கடேசைக் கூப்பிடச் சொன்னாள். என்ன சாயம், என்ன போட்டுக் காய்ச்சினான், நூலில் தப்பாகச் சாயம் ஏறினால் எதைப் போட்டு எடுப்பான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "ஹைட்ராஸ்தான்கா. சுடுதண்ணில போட்டு முக்கினா நூலு வெள்ளையாயிடும்." அவனே ஒரு டப்பாவில் கொண்டுவந்தான்.

"சரி. இப்ப எனக்கு நாமக்கட்டி வேணும்," என்றாள் நூரு.

வெங்கடேசு என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் குதிரை!

முன்பு ஒரு வைகாசியில், பக்கத்துத் தெருப் பெருமாள் கோயிலின் மரக் குதிரை வாகனம் எங்கள் பட்டறைக்கு வந்தது. விளக்கெண்ணெய் கொட்டிக் கொட்டி முதுகெல்லாம் கறுத்த கறை. அர்ச்சகர் கூடவே வந்து உட்கார்ந்திருந்தார். நூரு என்னென்னவோ போட்டுப் பார்த்தாள், போகவில்லை. அவர் மடியில் நாமக்கட்டி இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, பொடித்து, குழைத்து, குதிரை முதுகில் அப்பினாள். வெள்ளை மண் காயக் காய எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு மேலே வந்தது. மறுநாள் அர்ச்சகர் குதிரையைப் பார்த்துவிட்டு, "பெருமாள் உனக்கு வழி காட்டிட்டாரும்மா" என்றார். நூரு, "கட்டி உங்க மடியிலதான சாமி இருந்துது" என்றாள். மாமா சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் குடித்தார்.

கடையில் போய் ஒரு பை நிறைய நாமக்கட்டி வாங்கி வந்தேன். இடித்துச் சலித்தோம். வெந்நீரில் ஹைட்ராஸ் கரைத்து, அதில் பொடியைத் தோசை மாவு பதத்துக்குக் குழைத்தாள். குழைக்கும்போது முகத்தைப் பாத்திரத்துக்குள் விடுகிற மாதிரி குனிந்தாள். எனக்கு வாசலிலேயே நெடி தூக்கிப் போடுகிறது. ஓடிப்போய் இழுத்தேன். அவளுக்கு இருமல்.

"மூக்குல துணி கட்டுடி! நெடி தெரியல?"

"தெரியலடி," என்றாள். "கொரோனா காய்ச்ச வந்துச்சில்ல எல்லாருக்கும், அப்பப் போனது வாசம். மல்லிப்பூ, கறிக்கொழம்பு, கேஸ் லீக்காவுறது, ஒண்ணும் தெரியாது. ஆஸ்பத்திரில வந்துரும் வந்துரும்னாங்க. வரல."

ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கிறார்களா என்று மூடியைத் திறந்த மாத்திரத்தில் சொல்லுகிற மூக்கு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, கையில் ஸ்பிரிட் வாசம் போகவில்லை என்று நான் அழ, ஒரு முழம் மல்லியை என் உள்ளங்கையில் வைத்துக் கசக்கித் தேய்த்தவள் இவள்தான். 'இப்பப் பூ வாசம்தான் வருது, போ' என்றாள். போனேன். வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்த வாசத்தைச் சொல்வார்.

துணியை நானே கட்டிவிட்டேன். ஜன்னல், ஷட்டர் எல்லாம் திறந்து வைத்தேன். "இனிமே நெடி வந்தா நீ சொல்லு. கை என்னுது, மூக்கு உன்னுது," என்றாள்.

கிளிகள் மேல் வெள்ளையாக அப்பி முடித்தோம். காய வேண்டும்.

நூரு எங்கள் வீட்டில்தான். நெத்திலி வறுக்கட்டுமா என்றேன். சனிக்கிழமையும் அதுவுமாக என்ன நெத்திலி என்று என்னையே அதட்டினாள். அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. புரட்டாசியில் எனக்காக அவள் டிபனில் கறி இருக்காது. ரம்ஜானில் தாகம் எடுத்தால் நான் பின்கட்டுக்குப் போய்த்தான் குடிப்பேன்.


ஐப்பசி 16, ஞாயிறு

வானம் மூட்டம், மழை இல்லை.

காய்ந்த மண்ணைத் தட்டினோம். தட்டுத் தட்டாக உதிர்ந்தது. எல்லாம் ரோஸ் கலர்! நூரு ஒரு சில்லை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். பலகையில் சிவப்பு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. நான் கைதட்டினேன். அவள் தட்டவில்லை. "கிளி றெக்க இடுக்குல பாரு."

மறுபடி அப்பினோம்.

காய்கிற நேரம்தான் பேசுகிற நேரம். புருஷன் போனதைச் சொன்னாள். நெஞ்சு வலி என்றாராம், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. "உனக்குச் சொல்லணும்னுதான் மொதல்ல தோணுச்சி. போனு அந்தக் கூட்டத்துல எங்கயோ பூட்சி. நம்பரு எல்லாம் அதுலதான்." இப்போது மகன் வீட்டில். மகன் தங்கம், மருமகளும் குணம். வேலை செய்ய விடுவதில்லை. "டிவி பாரு, தொழுவு, தூங்குங்கறாங்க. கை சும்மா இருக்குது செல்வி. அதுதான் தாங்கல."

அவள் கையைப் பார்த்தேன். நகக்கண் எல்லாம் சுத்தமாக இருந்தது. பழைய நாளில் அந்த நகங்கள் எப்போதும் பழுப்பு.


ஐப்பசி 17, திங்கள்

இரண்டாவது பூச்சும் உதிர்த்தாயிற்று. பலகை முகம் சுத்தம். இறக்கை இடுக்கு மட்டும் மிச்சம். பல் துலக்கும் பிரஷ், ஊசி முனையில் சுற்றிய பஞ்சு. ஆளுக்கு ஒரு பலகை. கழுத்து வலி. நூருவுக்குக் கண்ணாடி மறந்துபோய் என் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம்.

வெங்கடேசு வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தான். "வந்துடுச்சாக்கா?" மூன்றாவது தடவை கேட்டபோது நூரு அவன் கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டாள்.

மாலையில் நல்ல தண்ணீரில் அலம்பி நிழலில் சாய்த்து வைத்தோம். பக்கத்து மரத்தைவிட வெளுத்துத் தெரிகிறது. ஒரு கிளியின் கழுத்தில் மயிரிழை மாதிரி சிவப்பு, எவ்வளவு செய்தும் போகவில்லை. இதற்கு மேல் தோண்டினால் கழுத்து உடையும் என்றாள். விட்டுவிட்டோம்.


ஐப்பசி 19, புதன்

நல்ல வெயில், கடைசியாக.

நேற்று வெளுத்த இடத்துக்கு டீத்தண்ணீர் தொட்டு நிறம் சேர்த்தோம். தொட்டு, காயவிட்டு, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, மறுபடி தொட்டு. இன்று என் வேலை. அரக்கு பாலிஷ். குழந்தை படுப்பது, அதனால் வேறெதுவும் கலக்கவில்லை. பஞ்சுப் பொட்டலத்தை எட்டு போடுகிற மாதிரி ஓட்டும்போது, நூரு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசம் எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள்.

"மாமா இருந்தப்ப இருந்த மாதிரியே இருக்குது."

தலையாட்டினாள். நான் பஞ்சை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

மதியம் டீச்சர் வந்தார். நூருவைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கிளியின் கழுத்தில் இருக்கும் சிவப்பு இழையை நானே காட்டினேன். குனிந்து தேடினார். நான் விரல் வைத்த பிறகும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "இதைப் பார்க்கற வயசு எனக்கில்லை. விடுங்கோ. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வரணும்."


ஐப்பசி 21, வெள்ளி

தொட்டில் போட்டாயிற்று.

நூரு வாசலோடு நிற்கிறேன் என்றாள். டீச்சரின் பெண் குழந்தையோடு வெளியே வந்து, "ஆன்ட்டி, நீங்க வராம இவளைப் போடக் கூடாதாம், அம்மா சொல்லிட்டா" என்று உள்ளே அழைத்துப் போனாள். கூடம் முழுக்கப் பட்டுப்புடவை. பட்டு ஜிப்பா போட்ட ஒரு பெரியவர், டீச்சரின் தம்பி, தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து, "நான் இதுலயா படுத்துண்டேன்? இவ்வளவு சின்னதா?" என்று எல்லாரிடமும் கேட்டார். குழந்தையைப் படுக்க வைத்து ஆட்டினார்கள். தாலாட்டு. அது ஒரு பாட்டம் அழுது, கிளிகளைப் பார்த்து, விரலைச் சூப்ப ஆரம்பித்தது.

எல்லாரும் குழந்தையைப் பார்க்க, நூரு என் காதில்: "வலது பக்கம் கீச்சுங்குது. சேருற எடத்துல மெழுகு வெச்சியா?"

வைக்கவில்லை. அப்புறம் போய் வைக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டுவிட்டேன். "இங்கயே வந்துடேன்டி. தெனமும் வேணாம், முடியறப்ப வா."

"பையன் இன்னா நெனப்பான்? அம்மாவ வேலைக்கி அனுப்பிட்டான்னு ஜனம் அவனப் பேசும்," என்றாள். பஸ் வந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கை ஆட்டினாள். சின்னப் பையன்கள் மாதிரி, பஸ் திரும்பும் வரை.

பட்டறைக்குப் போகவில்லை. நேராக வீடு.


ஐப்பசி 24, திங்கள்

விடியும்போதே போன். அடுப்பில் பால்.

"செல்வி, பட்டற சாவி எங்க வெச்சிருக்குற?"

"ஏண்டி?"

"ஷட்டருக்கு முன்னாடிதான் நிக்கிறேன். ரெண்டு நாளா மருமக பீரோ, கட்டிலு, அம்மி வெக்கிற பலக, எல்லாத்தையும் தொடச்சிக்கினே இருந்தேன். பையன் பாத்துட்டு, போதும்மா, நீ காஞ்சிவரமே போன்னு மொத பஸ்ல ஏத்திவுட்டுட்டான். வாரத்துல மூணு நாளுதான், அதுக்கு மேல கூடாதாம். சீக்கிரம் வாடி. வெங்கடேசு டீ வாங்கியாந்துட்டான், ஆறிப்போவுது."

பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டதாம். வீட்டுக்காரர் போன் பண்ணித் திட்டினார். நூருவுக்கும் கேட்டிருக்கும், சிரித்தாள். டீச்சரின் தங்கை வீட்டிலிருந்து ஒரு மணைப்பலகை வந்திருக்கிறது. அடியில் மஞ்சள் கறை, அதன்மேல் எண்ணெய். அதை மடியில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ரெண்டு நாளு வேல," என்றாள். "அப்புறம் வேற இன்னா இருக்குது?"